கன்று வாங்கும் முன் அடிக்கட்டையைத் தேடுங்கள்

காடழிந்த நிலத்தில் ஊர்கூடி மரம் நடுவதானால், குழி வெட்டும் முன் பழைய அடிக்கட்டைகளைத் தேடுங்கள். புதர்போலத் தெரிவது பல இடங்களில் வெட்டுப்பட்ட மரத்தின் துளிர்தான். அதில் நேராகவும் தடிமனாகவும் கிளம்பியிருக்கும் மூன்று நான்கு போத்துகளை மட்டும் விட்டு, மற்றவற்றை அடியோடு கழித்துவிடுங்கள். விட்டவற்றிலும் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளை நறுக்க வேண்டும். அரிவாள் கூராக இருக்கட்டும். கீழிருந்து மேலாக வெட்டினால் பட்டை உரியாது.

புதிய கன்று வேர் பிடிக்கவே முதல் கோடையில் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். கட்டைக்கு ஆழமான வேர் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பலம் முழுவதும் சில போத்துகளுக்கே போவதால் அவை விறுவிறுவென உயர்கின்றன. நாற்றுச் செலவும் மிச்சம். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980-களில் ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ உழவர்களோடு சேர்ந்து பரப்பிய முறை இது. நட்ட கன்றுகள் பெரும்பாலும் கருகிப்போன அந்த வறண்ட மண்ணில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டன என்பது எவ்வளவு பெரிய செய்தி!

நம் பக்கத்தில் வேம்பு, புரசு, வாகை நன்றாகத் துளிர்க்கும். பனைக்கு இது உதவாது. விதைதான் போட வேண்டும். பொக்லைன் வேரோடு பெயர்த்த நிலத்திலும் அப்படியே. ஆடுமாடுகளை அங்கே விடுவதில்லை என்று ஊரே பேசி முடிவெடுக்காவிட்டால் துளிர் தங்காது. சீமைக்கருவேலக் கட்டையை மட்டும் இப்படி வளர்த்துவிடாதீர்கள்.