காற்றுக்கும் மணலுக்கும் தாங்கும் ஸ்டாண்ட்

வன்னியில் கச்சேரி என்றால் பெரும்பாலும் திறந்த வெளிதான். கோயில் முற்றம், தேவாலய வளவு, பள்ளிக்கூட மைதானம். சோளகம் வீசும் மாதங்களில் இசைத்தாள் வைக்கும் மெல்லிய கம்பி நோட்ஸ் ஸ்டாண்ட் முதல் பாட்டுக்கே விழுந்துவிடும்.

வாங்கும்போது நிறத்தை விடுங்கள், திருகைப் பாருங்கள். உயர்த்தி, இறுக்கி, மேலிருந்து கையால் அழுத்துங்கள். குழாய் வழுக்கி இறங்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். திருகு பிடிக்கும் இடம் பிளாஸ்டிக் என்றால் ஒரு திருவிழாவுக்குமேல் நம்ப ஏலாது.

கீபோர்டுக்கு எக்ஸ் வடிவ ஸ்டாண்டா? 61 கட்டைக்கு ஒற்றைக் குழாய் போதும். 88 கட்டை பாரமானது, இரட்டைக் குழாயே சரி. பெட்டியில் போட்டிருக்கும் தாங்கும் எடை தாராளமாக இருக்கட்டும். வாசிப்பவரின் கையும் அழுத்துமே.

மணல் தரையில் ஒவ்வொரு காலுக்குக் கீழும் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். தாளுக்கு உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டு போதும், தனியாக வாங்கத் தேவையில்லை.

நைட்ரோசெல்லுலோஸ் என்ற ஒருவகை வார்னிஷ் பூச்சுள்ள கிற்றாரை ஸ்டாண்டின் ரப்பர் பட்டபடி நாட்கணக்கில் விட்டால் கறை பிடிக்கும். ரப்பரில் பருத்தித் துணி சுற்றுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள் திருகுகளுக்கு இடைக்கிடை எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் கறள் கட்டும்.