சிகரெட்டை விட்டு விட்டுப் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

சிகரெட்டை நான் ஏழு தடவை விட்டிருக்கிறேன். அதில் மூன்று தடவை சபரிமலைக்கு மாலை போட்டு. மாலை ஏறிய காலையிலிருந்து மலை இறங்கி வீடு வந்து சேரும்வரை ஒரு மண்டலம், ஒரு தம் கிடையாது. முதல் வாரம் போனபிறகு பெரிதாக ஆசைகூட வந்ததில்லை. பக்கத்தில் யாராவது ஊதினால் நாலடி தள்ளி நிற்பேன், அவ்வளவுதான். ஆனால் மூன்று தடவையும் மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிய கையோடு செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய்விட்டேன். நானாவது வீடுவரை வந்தேன். திரும்பும் வழியில் கம்பத்தில் டீ குடிக்க வேன் நின்றதுமே மாலையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுப் பற்றவைத்த சாமிகளையும் பார்த்திருக்கிறேன்.

இதை ரொம்ப நாள் என் பலவீனம் என்றுதான் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. நிகோடின் கிடைக்காமல் உடம்பு படுத்தும் பாடு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 48 நாள் தாண்டியவனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது உடம்பு இல்லை. நான் இருந்தது விரதம். விரதத்துக்கு முடிகிற தேதி உண்டு, அந்தத் தேதியை நோக்கித்தான் 48 நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். “பொங்கல் வரைக்கும் தொடமாட்டேன்”, “குழந்தை பிறக்கிற வரைக்கும்” என்பதெல்லாம் இதே ரகம். மாலை போடுவது நல்ல தொடக்கம், சந்தேகமில்லை. ஆனால் மாலை கழற்றும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை மாலை போடும் நாளிலேயே முடிவு செய்துவிடவேண்டும். அன்றைக்கு யாரோடு இருக்கப்போகிறோம், எந்தத் தெரு வழியாகப் போகமாட்டோம், அந்த அரைமணி நேரம் கையில் என்ன இருக்கும் என்பதுவரை.

எட்டாவது தடவை நான் புதிதாகச் செய்தது ஒன்றுதான். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் முதுகில் பழைய ஏழு தடவையும் எங்கே உடைந்தது என்று எழுதினேன். மூன்று தடவை மாலை கழற்றிய அன்று. இரண்டு தடவை கையில் கிளாஸ் இருந்தபோது: ஒன்று மச்சினன் கல்யாணம், இன்னொன்று பழைய ரூம்மேட் வந்த இரவு. ஒரு தடவை மூன்றாம் நாள் காலை. ஒரு தடவை சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லுகிற நிகோடின் கம் வாங்கிவந்து, அது வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போட்ட அன்று. எழுதிப் பார்த்தால் ஏழு தோல்விக்கும் சேர்த்து நாலே நாலு ஓட்டை. விட்டுப் பிடித்தவர்கள் செய்கிற முதல் தவறு இந்தத் தாளை எழுதாததுதான் என்பது என் கட்சி. எத்தனை தடவை தோற்றோம் என்று எண்ணுகிறோம், எங்கே தோற்றோம் என்று பார்ப்பதில்லை. அடுத்த தடவையும் அதே ஓட்டைப் படகில் ஏறுகிறோம், கொஞ்சம் கூடுதல் வைராக்கியத்தோடு.

வைராக்கியம் போதும் என்று நம்புவது

இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, நாளைக்கு 15 சிகரெட் என்று வைத்துக்கொண்டால் தினம் 150 தடவை, வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் மூளைக்கு அந்தப் பாடம் நடக்கிறது. அதை எதிர்த்து வெறும் வைராக்கியத்தை நிறுத்துகிறோம். எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துகிற நூறு பேரில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் எட்டு நாளுக்குள்ளேயே சறுக்கிவிடுகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. நிலையாக விடுவதற்கு ஒருவர் 30 தடவையோ அதற்கு மேலோ முயலவேண்டியிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. ஏழு தடவை தோற்றதற்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, வரிசையில் பாதிகூட வரவில்லை என்று தெரிந்தது ஒருவிதத்தில் நிம்மதி.

குறைத்துக் குறைத்து விட்டுவிடலாம் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பத்தை ஐந்தாக்கியவர் அந்த ஐந்தையும் ஃபில்டர் சுடுகிற வரைக்கும் இழுக்கிறார். நெஞ்சுக்குள் போகிற புகை பாதியாகக் குறைவதில்லை. ‘மைல்டு’க்கு மாறினாலும் இதே கதை. பீடிக்கு மாறினால், அது அணையாமல் இருக்கவே அடிக்கடி இழுக்கவேண்டும். இங்கிலாந்தில் நடந்து 2016இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நாலு வாரம் கழித்தும் தொடாமல் இருந்தார்கள். இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் அது 39 சதவீதம். “நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதானே” என்பதும் சமாதானமாகாது. தினம் 20 பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்று பிடிப்பவருக்கே வந்துவிடுகிறது.

கம்மைப் பபிள்கம்மாக நினைப்பது

மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் ஒரு அட்டை வாங்கினேன். டீயைக் குடித்து முடித்த சூட்டோடு ஒன்றை வாயில் போட்டு, மென்று மென்று எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிடம் விக்கல். பத்தாவது நிமிடம் தொண்டை காந்தி நெஞ்சு எரிந்தது. சிகரெட் ஆசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, வழக்கமானதே எடுத்துத் தரவா?” என்றார். கொடுத்தார். வாங்கினேன். மீதிக் கம் குப்பைத்தொட்டிக்குப் போனது.

தப்பு கம் மேல் இல்லை. அதிலுள்ள நிகோடின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் ஏறவேண்டும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகச் சில தடவை மென்றால் மிளகைக் கடித்த மாதிரி சுருசுருவென்று காரம் ஏறும். ஏறியதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, வெற்றிலையை ஒதுக்குவதுபோலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிடவேண்டும். காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல்லு, பக்கம் மாற்றி ஒதுக்கு. இப்படி அரைமணி. டீ, காபி, சோடா, ஜூஸ் எதுவாக இருந்தாலும் கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பே நிறுத்திவிடவேண்டும், கம் வாயில் இருக்கும்போதும் கூடாது. வாய் புளிப்பாக இருந்தால் நிகோடின் ஏறாது. நான் டீ குடித்த வாயோடு போட்டதில் பாதி அங்கேயே வீணாகியிருக்கும்.

அடுத்தது கஞ்சத்தனம். தாங்கமுடியாமல் போகும்போது ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த நேரத்தில் கை கம்மைத் தேடாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று வீதம் போட்டு, அப்புறம் இடைவெளியை நீட்டி, பன்னிரண்டு வாரத்தில் முடிக்கவேண்டும். எழுந்து அரைமணிக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிறவர்களுக்கு 2 மில்லிகிராம் பெரும்பாலும் போதாது. 4 மில்லிகிராம் வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு தேவை. தோலில் ஒட்டும் பேட்சோடு சேர்த்துக் கம்மும் பயன்படுத்தினால், ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். “இதுவும் நிகோடின்தானே, இதுக்குச் சிகரெட்டே எவ்வளவோ தேவலையே” என்று கிண்டல் செய்பவர்கள் இருப்பார்கள். புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாகப் புகையில் வருகிற தாரும் அதோடு சேர்ந்த மற்ற நச்சுகளும். கம்மில் அவை இல்லை. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

மூன்றாம் நாள் காலை

சபையில் சொல்லக் கூச்சமான ஓட்டை இது. காலையில் ஒரு டீ, ஒரு தம், அப்புறம்தான் வயிறு போகும் என்று பதினைந்து வருடம் பழக்கியிருந்தேன். நிறுத்திய மூன்றாம் நாளும் போகவில்லை. வயிறு உப்பி, தலை வலித்து, ஆபீசுக்கு நேரமாகி, “என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?” என்று வீட்டில் கதவைத் தட்ட, நேராகக் கடைக்குப் போனேன். சிகரெட்டை விட்டவர்களுக்கு மலச்சிக்கல் வருவது சகஜம் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவது தடவை முதல் நாளிலிருந்தே இரவில் வாழைப்பழமும் ஊறவைத்த உலர்திராட்சையும், காலையில் இரண்டு டம்ளர் வெந்நீரும். முதல் வாரம் கொஞ்சம் இழுபறி, அப்புறம் சரியாகிவிட்டது.

வாய்ப்புண்ணும் இருமலும் அப்படித்தான். விட்டபிறகு சில வாரம் இருமல் கூடினால் நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்து “விட்டதுதான் தப்பு” என்று திரும்பப் பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். காபி விஷயம் யாரும் எதிர்பார்க்காதது. புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபினைச் சீக்கிரம் கரைக்கவைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழைய அதே நாலு காபி, ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபினாக நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். பழியெல்லாம் சிகரெட் இல்லாததன் மேல் விழும். காபி, டீயைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ மனநலச் சிகிச்சைக்குக் க்ளோசபைனோ சாப்பிடுகிறவர்களுக்கு இதே காரணத்தால் மருந்தின் அளவை மாற்றவேண்டி வரலாம். புகையை நிறுத்தப்போவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். எடையும் ஏறும், முதல் வருடத்தில் சராசரி நாலைந்து கிலோ. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளாஸ் விஷயத்தில் எனக்குத் தந்திரம் எதுவும் தெரியாது. முதல் மூன்று மாதம் குடிக்கும் இடத்துக்குப் போகவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தாம்பூலப் பையை வாங்கியதும் கிளம்பிவிட்டேன், மாப்பிள்ளைத் தோழர்கள் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

தனியாகவே முடிக்கப் பார்ப்பது

சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தின் கீழே 1800-11-2356 என்று ஒரு எண் இருக்கும். வருடக்கணக்கில் அந்தப் பெட்டியைக் கையில் வைத்திருந்தும் நான் அதைப் படித்ததில்லை. புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உள்ள மையம் மூலமாகத் தமிழிலும் பேசலாம். நாள் குறித்துக் கொடுப்பார்கள், அப்புறம் அவர்களே திரும்ப அழைத்தும் விசாரிப்பார்கள். மாத்திரையும் உண்டு. வேரெனிக்ளின், புப்ரோபியன் இரண்டும் டாக்டர் எழுதித் தரவேண்டியவை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த இரண்டையும் நிகோடின் கம், பேட்ச் வகைகளையும் சைட்டிசின் என்கிற இன்னொரு மருந்தையும் பரிந்துரைத்திருக்கிறது. வேரெனிக்ளினை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கவேண்டும், நிறுத்திய அன்று ஓடிப்போய் வாங்குகிற மாத்திரை இல்லை அது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறவர்கள் இதற்குப் போகக் கௌரவம் பார்ப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. நானும் ஏழு தடவை பார்த்தவன்தான்.

ஒன்று பிடித்தால் எல்லாம் போச்சு என்பது

என் கணக்கில் அதிகம் பேரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது முதலில் பிடிக்கும் அந்த ஒரு சிகரெட் இல்லை. அதற்குப் பிறகு வரும் “சரி, கெட்டுப்போச்சு, இனி என்ன?” என்கிற பேச்சுதான். ஒன்றில் சறுக்கியவர் அன்று மாலையே பாக்கெட்டாக வாங்கிவிடுகிறார், அடுத்த ஜனவரி 1க்குத் தேதியும் குறித்துவிடுகிறார். முன்பெல்லாம் நானும் அப்படித்தான்.

எட்டாவது தடவை இருபத்து மூன்றாம் நாள் ஒரு துட்டி வீடு. கூடப் படித்தவனின் அப்பா இறந்துபோயிருந்தார். பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவன் பாக்கெட்டை நீட்டி “இந்தா மாப்ள” என்றான். கை தானாகப் போனது. பாதி பிடித்தபிறகுதான் கையில் இருப்பதே உறைத்தது. தலை கிறுகிறுத்தது, நாக்கில் கசப்பு. மணலில் குத்தி அணைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்து, சட்டைப் பையிலிருந்த கம்மில் ஒன்றை எடுத்து ஒதுக்கிக்கொண்டேன். காரியம் முடிந்து வந்து குளித்தபிறகு, காலண்டர் தாளில் பழைய நாலு ஓட்டைகளுக்குக் கீழே “துட்டி வீடு, பாதி” என்று ஐந்தாவதாக எழுதினேன்.

தினமும் காலையில் காலண்டரைக் கிழிக்கும்போது, விட்டு எத்தனையாவது நாள் என்று புதுத் தாளின் மூலையில் பென்சிலால் குறிப்பது வழக்கம். மறுநாள் 1 என்று போடவில்லை. 24 என்று போட்டேன்.