பாத்ரூம் தரையை உடைக்கச் சொல்கிறார்களா? முதலில் இதைச் செய்து பாருங்கள்

"தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்ல தண்ணி இறங்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டியபோது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் படர்ந்திருந்தது. அன்று சாயங்காலமே ஒரு பிளம்பரை வரவழைத்தேன். அவர் எங்கள் பாத்ரூம் தரையைக் குதிகாலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "மொத்தமா உடைச்சுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கேட்டதற்கு, உடைத்தால்தானே தெரியும் என்று பதில்.

உடைக்கவில்லை. ஒரு வாரம் நானே சோதித்துப் பார்த்தேன், டைல்ஸ் ஜாயின்ட்டும் நானி டிராப் (தரைத் தண்ணீர் வடிந்து போகும் குழி) ஓரமும்தான் காரணம் என்று தெரிந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்தேன். எல்லா வீட்டிலும் இதே காரணமாக இருக்காது. ஆனால் கண்டுபிடிக்கும் முறை ஒன்றுதான், அதற்குக் கருவியும் பெரிதாகத் தேவையில்லை.

முதல் வேலை: பென்சில் கோடு

கீழ் வீட்டில் ஏணி போட்டு ஏறி, ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து பக்கத்தில் தேதி எழுதுங்கள். இது இல்லாமல் "கூடியிருக்கிற மாதிரி இருக்கு", "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்போம். ஓதம் லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் இருந்தால் அந்த லைனின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டு ஏறுங்கள்.

இரண்டாவது: தண்ணீர் வரும் பைப்பா, போகும் பைப்பா, தரையா?

இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும், சமயத்தில் இரண்டு. சுவருக்குள் ஓடும் பைப்பில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது, அதனால் அதில் ஓட்டை இருந்தால் நீங்கள் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். கழிவுநீர்ப் பைப்பும் தரையும் அப்படியில்லை, புழங்கும்போது மட்டும்தான்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துவையுங்கள். ஃப்ளஷ் டேங்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வை மூடிவிட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃப்ளஷ் டேங்க் வாஷர் தேய்ந்திருந்தால் சத்தமே இல்லாமல் கோப்பைக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் பைப்பைச் சந்தேகிப்பீர்கள். (சந்தேகமாக இருந்தால் ஃப்ளஷ் டேங்கில் கேசரி கலர் கொஞ்சம் கரைத்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் கலர் வந்தால் வாஷர் போச்சு.) காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. அதனால் சொட்டுச் சொட்டாகப் போகும் சின்னக் கசிவு ஒரே ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க, பைப்பில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் பிளம்பர்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

மட்டம் அப்படியே இருக்கிறதா? அடுத்து, இரண்டு மூன்று நாள் அந்தப் பாத்ரூமையே பூட்டிவிடுங்கள். பிறகு தரை நனையாமல், ஒரு ஹோஸை நேராக நானி டிராப்புக்குள் விட்டு நாலைந்து பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் கீழே பென்சில் கோட்டைத் தாண்டி ஓதம் வந்தால் கழிவுநீர்ப் பைப். வராவிட்டால் மறுபடியும் சில நாள் காயவிட்டு, இந்த முறை ஒரு துணியைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி டிராப்பை அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். வாசல்படி அந்த உயரத்தைத் தாங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் ஹால் ஒருமுறை நனைந்தது. தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்துங்கள். கீழே உடனே தெரியாது, ஏனென்றால் நம் ஊர் மாடி பாத்ரூம்கள் பலவற்றில் தளத்தைப் பள்ளமாக இறக்கி, பைப்பைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் அந்தப் பள்ளம் முழுக்க ஊறிய பிறகுதான் கீழே எட்டிப் பார்க்கும்.

எங்கள் வீட்டில் இந்தக் கடைசிச் சோதனையில்தான் கோடு தாண்டியது. அதாவது தரை.

மூன்றாவது: ஜாயின்ட் அடைப்பது

டைல்ஸ் வழியாகத் தண்ணீர் இறங்காது, டைல்ஸுக்கு நடுவில்தான் இறங்கும். அந்த ஜாயின்ட்டில் பெரும்பாலும் வெள்ளை சிமெண்ட்டைத் தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அதையும் நாம் மாதாமாதம் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். ஆசிட் உப்புக்கறையைக் கரைக்கிற மாதிரியே சிமெண்ட்டையும் கரைக்கும், பளபளப்பு வருகிறது என்று ஊற்ற ஊற்ற ஜாயின்ட் பள்ளமாகிக்கொண்டே போகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

பழைய ஜாயின்ட்டைச் சுரண்ட உடைந்த ஆக்ஸா பிளேடு போதும், கைப்பக்கம் துணி சுற்றிக்கொள்ளுங்கள். மேலாகக் கீறிவிட்டுப் புதிதாகப் பூசினால் ஒரு மாதத்தில் உரிந்துவரும். தரை டைல்ஸ் 8 மி.மீ. தடிமன் என்றால் 5 மி.மீ. ஆழமாவது எடுக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை இதுதான், மற்றதெல்லாம் சுலபம். சுரண்டிய தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளி, கழுவி, ஃபேன் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

அடைப்பதற்கு எபாக்ஸி கிரவுட் (ஜாயின்ட்டை நிரப்பும் ரெசின் கலவை) வாங்குங்கள். சிமெண்ட் கிரவுட்டைவிட விலை பல மடங்கு, ஆனால் தண்ணீர் குடிக்காது, வீட்டு ஆசிட்டுக்கும் அவ்வளவு சீக்கிரம் அசையாது. ரெசின், ஹார்டனர், பவுடர் என்று தனித்தனியாக வரும். பாக்கெட்டில் போட்டிருக்கும் விகிதத்திலேயே கலக்க வேண்டும், கண்ணளவு வேண்டாம். நான் செய்த தப்பு, ஒரு கிலோவையும் ஒரேயடியாகக் கலந்தது. சித்திரை வெயிலில் அரை மணி நேரத்துக்குள் பாதி டப்பாவிலேயே கல்லாகிவிட்டது. இரண்டு கைப்பிடி அளவுக்குக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, பட்டி பிளேடால் ஜாயின்ட்டுக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து, இறுகுவதற்கு முன்பே ஈர ஸ்பாஞ்சால் டைல்ஸைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த கலவை. துடைக்காமல் விட்ட இடம் எங்கள் வீட்டில் இன்னும் கறையாகத் தெரிகிறது.

ஜாயின்ட்டைவிட முக்கியமான இடம் நானி டிராப். மேலே இருக்கும் ஓட்டைத் தட்டான ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். டிராப்பின் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும், குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு டிராப்புக்குள் போகாமல் அந்தச் சந்தில் போகும். உள்ளே உதிர்வதையெல்லாம் எடுத்துவிட்டு, அங்கேயும் எபாக்ஸியைத் திணித்து, சரிவாக இழுத்துவிடுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைக்கு மட்டும் சிலிக்கான், ஏனென்றால் அந்த இடம் லேசாக அசையும், கெட்டியாக அடைத்தால் விரிசல் விடும்.

சரி, இதோடு குழாய்களையும் பார்த்துவிடலாம். சுவரோடு ஒட்டியிருக்கும் ஸ்டீல் கப்பைப் பின்னுக்கு இழுத்துக் குழாயைத் திறந்து பாருங்கள், மரையில் ஈரம் கசிந்தால் அந்தத் தண்ணீர் சுவருக்குள்தான் போகும். பாத்ரூமுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து டெஃப்லான் டேப் சுற்றுங்கள். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில், பத்துப் பதினைந்து சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்துவிடும். முறுக்கிய பிறகு குழாய் நேராக நிற்க வேண்டுமென்று பின்னோக்கித் திருப்பாதீர்கள், ஒழுகும். கழற்றிப் புது டேப் சுற்றித்தான் மறுபடி முறுக்க வேண்டும்.

தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் டைல்ஸ் ஒன்றிரண்டு இருந்தால், முதலில் நாலு பக்க ஜாயின்ட்டையும் சுரண்டிவிட்டு, நடுவிலிருந்து உளியால் உடைத்து எடுங்கள். ஓரத்தில் உளி வைத்தால் பக்கத்து டைல்ஸும் போகும். அடியிலிருக்கும் கலவையையும் சற்றுக் கொத்தி இறக்கி, வெறும் சிமெண்ட்டுக்குப் பதில் டைல் அடிசிவில் (டைல்ஸ் ஒட்டும் பசைக் கலவை) பதியுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் (கெட்டியாகச் சுட்ட டைல்ஸ்) கிட்டத்தட்டத் தண்ணீரே உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது.

எபாக்ஸி போட்ட பிறகு 24 மணி நேரம் தரை நனையக் கூடாது. முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள்.

அதற்குப் பிறகும் கீழே தண்ணீர் சொட்டும், பயப்படாதீர்கள். செங்கல் ஜல்லியில் ஏற்கெனவே ஊறியிருப்பது வடிய வாரக்கணக்கில் ஆகும். பத்தாவது நாள் அக்கா மறுபடி கூப்பிட்டார், நானும் பதறிப்போய் ஏணியில் ஏறினேன். ஓதம் இருந்தது, ஆனால் பென்சில் கோட்டுக்கு நாலு விரல் உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு இறங்கினேன். மூன்றாவது கோட்டுக்குப் பிறகுதான் அங்கே பெயின்ட் அடித்தோம்.