அலையாத்தி நடப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

போன வாரம் எங்கள் கழிமுகத்துக்கு ஒரு கல்லூரிக் குழு வந்திருந்தது. முப்பது பிள்ளைகள், டிராக்டர் நிறையக் கன்றுகள், முகம் நிறைய ஆசை. அவர்கள் நடுவதற்குத் தேர்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடுவில் லேசாகக் குழிந்த, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் வெட்டவெளி. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாங்கள் தேர்ந்ததும் இதே மாதிரி ஓர் இடத்தைத்தான். அலையாத்தியை, அதாவது கழிமுகத்தின் உப்புச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்களை, நடும்போது செய்யும் தவறுகளைப் பற்றி அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன். கன்றின் பையைக் கிழிக்காமல் நடுவது, கன்றை வெயிலில் வாடவிடுவது போன்ற தவறுகளை யாரும் ஒரே நாளில் திருத்திக்கொள்வார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அலையாத்தி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதைக் காற்றிலிருந்து இழுத்து நீண்ட காலம் பிடித்துவைக்கும் இடங்களில் அலையாத்திக் காடும் ஒன்று. அந்தக் கார்பனில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, அடியில் உள்ள சேற்றில் இருக்கிறது. எப்போதும் ஈரமாக, காற்றுப் புகாமல் கிடப்பதால் இலையும் வேரும் அங்கே மெதுவாகத்தான் மக்கும். காட்டை வெட்டி அந்தச் சேற்றைக் காயவிட்டால், பல நூறு வருடமாகச் சேர்ந்ததும் திரும்பக் காற்றுக்கே போகத் தொடங்கும். அதனால், நடுவதற்கு முன்னால் இருக்கிற காட்டைக் காப்பாற்றுங்கள். இருக்கும் காட்டை இறால் பண்ணைக்குக் கொடுத்துவிட்டு வேறோர் இடத்தில் கன்று நடுவதை ஈடு என்று என்னால் ஏற்க முடியாது.

தண்ணீர் வந்து போகாத இடத்தில் கன்று நடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன், இன்னும் எனக்கு ஆறாத விஷயம் இது.

முதல் வருடம் எட்டாயிரம் கன்று நட்டோம். நிதி தந்த நிறுவனம் மார்ச்சுக்குள் நட்டு முடித்துப் படம் அனுப்பச் சொன்னது, நாங்களும் சரி என்றோம். மழைக்காலம் முடிந்த கையோடு இருந்ததால் மண் ஈரமாகத்தான் இருந்தது. சித்திரையில் போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாகக் குச்சிகள் நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்து அழுகியிருந்தது, தண்டில் தரையை ஒட்டி மோதிரம் போட்டது போல உப்பு, குழியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். அங்கே தேங்கியிருந்த தண்ணீரை அளந்தோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், அந்தப் பள்ளத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தக் கன்றுகளை நாற்றங்காலில் ஏழு மாதம் வளர்த்த பெண்கள் என்னோடு நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த இடம் ஏன் அப்படி ஆனது என்று அப்புறம்தான் விசாரித்தோம், விசாரித்த பிறகு நட்டிருக்க வேண்டும். நம் கரையின் பெரிய அலையாத்திக் காடுகளான பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை அலையாத்தியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாக வெட்டும் வழக்கம் இருந்தது. நிழல் போனதும் சேற்றில் வெயில் விழுந்தது, ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது, தரை தட்டு மாதிரி குழிந்தது. நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆகவே அமாவாசை, பௌர்ணமி நீரேற்றத்தில் பள்ளத்துக்குள் வருகிற தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் நின்று காய்கிறது, உப்பு மட்டும் தங்குகிறது. வருடா வருடம் இதுவே நடந்தால் எந்தக் கன்றை வைத்தாலும் சாகும். விதைக்கும் அங்கே பஞ்சமில்லை, பக்கத்துக் காட்டிலிருந்து மிதந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. அதுவே அங்கே முளைக்கவில்லை என்றால் இடத்தில் ஏதோ கோளாறு என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கு வழி 1990களிலேயே நம் ஊரில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் பிச்சாவரத்தில் செய்து காட்டிய மீன்முள் கால்வாய் முறை அது. இயற்கையான ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு முதன்மைக் கால்வாய் வெட்ட வேண்டும், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள் வெட்ட வேண்டும், மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலவே இருக்கும். கரை சரியாமலிருக்க மேலே அகலம், அடியில் குறுகல். நீரேற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கன்றை உச்சியிலும் நடக்கூடாது, அடியிலும் நடக்கூடாது, கரையின் சரிவில் தண்ணீர் தொட்டுப் போகும் மட்டத்தில்தான் நட வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும், செலவு கால்வாயில்தான். படத்தில் கால்வாய் அழகாக விழாது என்பதால் பணம் தருபவர்கள் அதற்குத் தயங்குகிறார்கள், கன்றுக்கு மட்டும் தருகிறேன் என்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் பணம் வாங்காதீர்கள், நான் மனதாரச் சொல்கிறேன். இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நடப்பட்டவற்றை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் 200 ஹெக்டேர் சுமாருக்குத்தான் தேறியது, பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. நட்டவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் நட்டிருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நடுவதற்கு முந்தைய கோடையில், அளவு குறித்த குச்சிகளை அந்த இடத்தில் நாலைந்து மூலையில் ஊன்றுங்கள். ஒரு மாதம், இரண்டு பௌர்ணமியையும் நடுவில் வரும் அமாவாசையையும் சேர்த்து, தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று எழுதிவையுங்கள். பக்கத்தில் தானாக வளர்ந்த மரம் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டம்தான் உங்களுக்குக் கணக்கு. வலை வீசும் மீனவர்களைக் கேளுங்கள், எந்த வாய்க்கால் எப்போது அடைத்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் சுரபுன்னை

சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும், அப்படியே சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. ஒரு காலையில் ஆயிரம் குத்தலாம் என்பதால்தான் எல்லாரும் அதைத் தேடுகிறார்கள். அது ஓடைக் கரையில், தினமும் தண்ணீர் வந்து போகும் இடத்தில் வாழும் மரம். உப்பு ஏறிய உள்பகுதியைத் தாங்குவது வெண்கண்டல் என்ற இன்னொரு வகை. முத்துப்பேட்டைக் காட்டில் கிட்டத்தட்ட முழுவதுமே வெண்கண்டல்தான், காரணமில்லாமல் அப்படி வளரவில்லை. இன்னொன்றும் உண்டு: வெண்கண்டலின் கிளை முறிந்தால் திரும்பத் துளிர்க்கும், முற்றிய சுரபுன்னைக் கிளை அப்படித் துளிர்ப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த கரையில் இதையும் யோசித்துத்தான் நட வேண்டும்.

கடற்புல் மேல் நடுவது

வேண்டவே வேண்டாம். ஆழமில்லாத கடலடியில் வளரும் கடற்புல்லும் கார்பனைச் சேர்த்துவைக்கிறது. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்ற கடல் பசு மேய்வதும் அதில்தான்.

காலியாகத் தெரியும் சேற்றுத் திட்டு

அது காலி இல்லை. பறவைகளின் சாப்பாட்டுத் தட்டு.

நட்ட அன்றே கார்பன் கணக்கு

முழ உயரக் கன்றின் முன்னால் நின்று, இத்தனை டன் உமிழ்வை ஈடுகட்டிவிட்டோம் என்று பதாகை பிடிக்காதீர்கள். மரம் பெரிதாக வருடங்கள் ஆகும், சேற்றில் கார்பன் சேர அதைவிட நாளாகும். பணம் தந்த நிறுவனத்தின் ஜெனரேட்டர் இன்றைக்கு விடும் புகை இன்றைக்கே காற்றில் கலக்கிறது. அதைக் குறைக்கும் வேலையை இந்தக் கன்றின் தலையில் கட்டக்கூடாது. நட்ட எண்ணிக்கையைச் சொல்லாமல், மூன்றாம் வருடம் உயிரோடு நிற்பதைச் சொல்லுங்கள்.

தூர்வாரப் பணம் ஒதுக்காதது

கால்வாய் வெட்டியதோடு வேலை முடியாது, வண்டல் வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் முறை நாங்கள் முறையாகக் கால்வாய் வெட்டி நட்டோம், கன்றுகள் பிடித்துக்கொண்டன, நண்டு வந்தது, சின்ன இறால் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு கிளைக் கால்வாயின் வாய் மட்டும் மண்ணால் மூடிக்கொண்டது. தூர்வாரக் கையில் காசில்லை. அந்த வரிசைக் கன்றுகள் மட்டும் மஞ்சளித்து நின்றன, ஓர் ஆள் நீளம் தள்ளி அடுத்த வரிசை கரும்பச்சையாக இருந்தது. கடைசியில் நாற்றங்கால் பெண்களில் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கி இரண்டு நாளில் அந்த வாயைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் பௌர்ணமி. சாயங்காலம் தண்ணீர் கலங்கலாக நுழைந்து கடைசிக் கன்று வரை போனது, நாங்கள் இருட்டும் வரை கரையிலேயே இருந்தோம்.