கட்டில் கால் கடைந்த கையோடு கிண்ணம் கடையப் போனால்

லேத் என்ற இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி உருவாக்குவதுதான் கடைச்சல். யாழ்ப்பாணத்தில் கடைச்சல் என்றால் பெரும்பாலும் கட்டில் கால், தொட்டில் கால், மாடிப்படிக் கைபிடி, இவ்வளவுதான். நானும் கட்டில் காலில்தான் கை பழகினேன். அதனாலேயே முதன்முதலாக ஒரு மரக்கிண்ணம் கடையப் போனபோது வரிசையாகப் பிழை விட்டேன். காலில் சரியாக இருந்த பழக்கங்கள்தான் கிண்ணத்தில் பிழையாகிப் போயின.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மரத்தின் இழை. கட்டில் காலில் இழை, சுழலும் அச்சோடு சேர்ந்து நீளமாக ஓடும். கிண்ணத்துக்கோ குற்றியை நெடுக்கே பிளந்து, அந்தப் பிளந்த முகத்தை லேத்துக்குக் கொடுக்கிறோம். இழை அச்சுக்குக் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உளி இழையின் வெட்டுமுனையில், அதாவது இழை அறுபட்டு நிற்கும் முகத்தில், போய் மோதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்வதில் பாதி தானாகவே விளங்கும்.

வளவில் கறுத்தக்கொழும்பான் மாங்கொப்பு ஒன்று முறிந்து விழுந்தால், அதை உருண்டையாக அப்படியே லேத்தில் ஏற்றிவிடத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் நடுப்புள்ளியோடு, அதாவது மர வளையங்களின் மையத்தோடு, கடைந்த கிண்ணம் வெடிக்காமல் தப்புவது அபூர்வம். காயும்போது மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறி நடுவைப் பிளந்துவிடும். குற்றியை நடுவால் அரிந்து, நடுப்புள்ளியைச் சீவி எறிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது மரத்தைக் காயவைப்பது. கட்டில் காலுக்கு மரக்காலையில் காய்ந்த மரம் கிடைத்துவிடும். நாலைந்து அங்குலத் தடிப்பில் உள்வரை காய்ந்த கட்டை அப்படிக் கிடைக்காது. ஆகவே பச்சை மரத்தில் முதலில் தடிப்பாகக் கடைந்து வைக்க வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் என்பது வழக்கமான கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலச் சுவர். பலர் பொறுமையில்லாமல் அன்றே மெல்லிசாகக் கடைந்து, பொலிஷும் போட்டு, ஒரு மாதத்தில் கோணிப்போன கிண்ணத்தைப் பார்த்து உளியைத் திட்டுவார்கள். கடைந்து வைத்ததையும் திண்ணையில் விடக்கூடாது. சோழகம் அடிக்கும் மாதங்களில் நம் காற்று மரத்தின் மேற்பக்கத்தை உலர்த்தும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் ஈரத்தால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு நாளில் மயிரிழையாக வெடிப்பு ஓடும். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, கடைந்த சீவலோடு சேர்த்துச் சீமெந்துக் கடதாசிப் பைக்குள் கட்டி, காற்றுப் படாத மூலையில் வையுங்கள். இடைக்கிடை தராசில் போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். அதற்குச் சில மாதம் எடுக்கும். அதற்குள் கிண்ணம் நீள்வட்டமாகியிருக்கும். அதைத் திரும்ப ஏற்றி வட்டமாக்கத்தான் அந்த 1 அங்குலம்.

எந்த மரம் என்று கேட்டால் நான் பூவரசுக்குத்தான் கைதூக்குவேன். வேலியில் நிற்பதால் நமக்கு அதன் மதிப்புத் தெரிவதில்லை. ஹவாய்த் தீவுக்காரர் இதே மரத்தில் சாப்பாட்டுக் கிண்ணம் செய்து வந்தார்கள், உணவில் மரத்தின் சுவை ஏறாது என்பதால். வேம்பு அதற்கு நேரெதிர். கசப்பும் உண்டு, இழை பின்னியும் கிடக்கும், தூள் மூக்கைப் போட்டு வாட்டும். முதிரை மினுக்கத்துக்கு ஈடில்லை, ஆனால் அதன் தூள் பட்டுத் தோல் தடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பனையில் கறுத்த நார் இரும்பாகவும் இடையில் உள்ளது சோறாகவும் இருக்கும், முதல் கிண்ணத்துக்கு வேண்டாம். இன்னொன்று, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை நம் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது.

இனி வேகம். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரைக்குள் வர வேண்டும். 3 அங்குலக் கட்டில் காலுக்கு 2000 சுற்று மிதமான வேகம். அதே 2000-இல் 10 அங்குலக் கட்டையை விட்டால் அதன் விளிம்பு மணிக்குக் கிட்டத்தட்ட 95 கிலோமீற்றரில் ஓடும். 600-இல் தொடங்குங்கள், கட்டை ஒருபக்கம் பாரமாக ஆடினால் இன்னும் குறையுங்கள். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

உண்மையில் ஆபத்தான பிழை உளியில்தான் நடக்கிறது. கால் கடையத் தொடங்கும்போது எடுக்கும் அந்த அகல வாய் உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. பிடிக்குள் போகும் அதன் வால் ஒல்லி. வெட்டுமுனை வந்து மோதினால் அந்த இடத்தில் முறிந்து பறக்கும். கிண்ணத்துக்கு உருண்டைக் கம்பியில் குடைந்த, தடித்த நகவுளி வேண்டும். வெட்டும் திசையும் மாறும். காலில் தடிப்பிலிருந்து மெலிவுக்கு இறங்குவோம். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்புக்கு, உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவுக்கு. மாற்றிச் செய்தால் இழை பிய்ந்து, சொரசொரவென்று இரண்டு திட்டு எதிரெதிரே தெரியும். உளியின் சாய்வை முதலில் மரத்தில் உரச விட்டு, பிடியை மெதுவாகத் தூக்கி வெட்டுக்கு வாருங்கள். முனையை முதலில் கொடுத்தால் மரம் உளியைக் கடித்து இழுத்துவிடும். கடையக் கடைய உளி தாங்கிக்கும் (உளியை வைத்துப் பிடிக்கும் சட்டம்) மரத்துக்கும் இடைவெளி கூடும். நிறுத்தி, தாங்கியைக் கிட்டக் கொண்டுவந்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கையுறை, தோளில் துவாய், தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். சாரத்தோடு லேத்தில் நிற்கிறவர்களை நானே கண்டிருக்கிறேன். கரண்ட் போனால் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் லேத் தானாக ஓடத் தொடங்கும்.

அடியை ஓட்டையாக்குவது எல்லோரும் ஒரு தடவை செய்கிற வேலை. கட்டையைத் திருகாணியால் பூட்டி லேத்தில் மாட்டும் முகத்தட்டில் ஏற்றும்போது திருகாணி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். உள்ளே குடையும்போது விளிம்பின் மேல் ஒரு நேரான தடியை வைத்து, நடுவில் பென்சிலை இறக்கி அளவுங்கள். அடியை நடுவில் சற்றுக் குழித்துவிட்டால் மேசையில் ஆடாது.

சாண்ட்பேப்பரில் 120, 180, 240, 320 என்று (எண் கூடக் கூட மணல் நைசாகும்) படி தாண்டாமல் போக வேண்டும். 120-இன் கீறலை 320 அழிக்காது, மினுக்கித்தான் காட்டும். தாங்கியைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, கை சுடாத அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். சூடு ஏறினாலும் மரம் வெடிக்கும்.

கடைசியாக எண்ணெய். கட்டில் காலுக்கு லக்கர் அடித்தால் வேலை முடிந்தது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ பூசுகிறார்கள். இரண்டும் மரத்தில் இறுகாது, நாட்பட்டால் சிக்கு மணம் வரும். ஆளிவிதை எண்ணெய் இறுகும். ஆனால் பெயின்ட் கடையில் காய்ச்சியது என்று விற்கும் வகையில் கெதியாகக் காய்வதற்கு உலோக உப்பு கலந்திருப்பார்கள். நான் கலப்பில்லாததையே பூசுகிறேன். மெல்லிசாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, சில நாள் கழித்து அடுத்த பூச்சு. மாரியில் இன்னும் ஆறுதலாகக் காயும். துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளியெண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய சீலை தானாகவே தீப்பற்றக்கூடும். கம்பி வேலியில் விரித்துப் போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.