உலக அதிகாரம் கைமாறுகிறதா? நாமே கணக்குப் பார்க்கும் முறை

"டாலர் சரிகிறது", "சீனா முந்திவிட்டது", "அமெரிக்காவின் காலம் முடிந்தது" என்று மாதம் ஒரு செய்தியாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. எழுதியவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு முழு உலகத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க அரை மணி நேரமும் ஒரு தாளும் போதும்.

தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: அளவு (பொருளாதாரம் எவ்வளவு பெரியது), நாணயம் (யாருடைய பணம் புழங்குகிறது), விதி (உலக அமைப்புகளில் யார் சொல் செல்லும்), ரசனை (யாருடைய கலையும் மொழியும் ஈர்க்கின்றன). இவை நான்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அமெரிக்கப் பொருளாதாரம் 1870களிலேயே பிரிட்டனை முந்திவிட்டது. ஆனால் பவுண்டின் செல்வாக்கு முழுதாகக் கரைய இரண்டு உலகப் போர்கள் ஆயின. 1956இல் சூயஸ் கால்வாய்க்காகப் படை அனுப்பிய பிரிட்டன், பவுண்டு சரிந்தபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததால்தான் பின்வாங்கியது. இடையில் ஏறக்குறைய 80 ஆண்டுகள். எனவே ஒரு கட்டத்தில் வந்த மாற்றத்தை வைத்து மற்ற மூன்றையும் நிரப்பிவிடாதீர்கள்.

அளவு

ஒரு நாட்டின் உள்நாட்டு உற்பத்தியை இரண்டு விதமாகச் சொல்லலாம். சந்தை மாற்று விகிதத்தில் டாலராக்குவது ஒன்று. உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பத் திருத்திச் சொல்லும் வாங்கும் திறன் கணக்கு மற்றொன்று. 2024இல் சந்தை விகிதப்படி அமெரிக்கா சுமார் 29 லட்சம் கோடி டாலர், சீனா 19 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. வாங்கும் திறன்படி பார்த்தால் சீனா ஏறக்குறைய பத்து ஆண்டுகளாகவே முதலிடத்தில் இருக்கிறது. இரண்டுமே உண்மைதான்.

எதை எப்போது எடுப்பது? முடிவெட்டும் கூலி, வீட்டு வாடகை, காய்கறி போல உள்ளூரிலேயே முடிந்துவிடும் விஷயம் என்றால் வாங்கும் திறன். கச்சா எண்ணெய், உயர்ரக சிப், வெளிநாட்டுப் போர் விமானம், வெளிக்கடன் என்றால் சந்தை விகிதம். விற்பவர் நம் ஊர் விலைவாசியைப் பார்த்துத் தள்ளுபடி தருவதில்லை. அதிகாரத்தைப் பற்றிய கேள்விக்கு இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மை.

சந்தை விகிதத்திலும் ஒரு கண்ணி உண்டு. 2021இல் சீனப் பொருளாதாரம் அமெரிக்காவின் முக்கால் பங்கு இருந்தது. 2024இல் மூன்றில் இரண்டுக்கும் கீழே இறங்கியது. சீனா வளராமல் போனதாலா? இல்லை. அந்த ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதன் உண்மை வளர்ச்சி அமெரிக்காவைவிட வேகம்தான். அமெரிக்காவில் விலைவாசி எகிறியது, சீனாவில் அவ்வளவாக ஏறவில்லை, சீன நாணயமான யுவானும் டாலருக்கு எதிராக இறங்கியது. ஆகவே "பங்கு குறைந்தது" என்று படித்தால் உற்பத்தி, விலைவாசி, மாற்று விகிதம் மூன்றில் எது காரணம் என்று முதலில் கேளுங்கள்.

ஏற்றுமதி எண்ணிலும் இதே கவனம் தேவை. 2009இன் ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் நடந்த பொருத்தும் வேலைக்கான கூலி 6.50 டாலர்தான். மீதி ஜப்பான், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா எனப் பல நாட்டுப் பாகங்களுக்குப் போனது. சுங்கக் கணக்கிலோ முழுத் தொகையும் சீனாவின் ஏற்றுமதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஐபோன் ஏற்றுமதி என்ற செய்தியையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்: மொத்த மதிப்பு எவ்வளவு என்பதோடு, உள்ளூரில் சேர்ந்த மதிப்பு எவ்வளவு?

நாணயம்

மத்திய வங்கிகள் அந்நியச் செலாவணிக் கையிருப்பை எந்த நாணயத்தில் வைத்திருக்கின்றன என்பதை ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் டாலரின் பங்கு சுமார் 71 சதவீதம், 2024 இறுதியில் சுமார் 58 சதவீதம். யுவானின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.

இந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டிடம் 100 கோடி டாலர் கையிருப்பு. 60 கோடி டாலராக, 40 கோடி மதிப்புக்கு யூரோவாக. யூரோ 10 சதவீதம் ஏறுகிறது. யூரோப் பகுதி 44 கோடி ஆகிறது, மொத்தம் 104 கோடி. டாலரின் பங்கு 60லிருந்து 57.7 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரு டாலரைக்கூட யாரும் விற்கவில்லை! 2025இன் இரண்டாம் காலாண்டில் டாலர் பங்கு இறங்கியதற்கும் பெருமளவு இதுதான் காரணம். ஒரு காலாண்டு எண்ணைத் தனியே நம்ப வேண்டாம். ஐந்தாண்டுப் போக்கைப் பாருங்கள்.

ரஷ்யா 2022இல் உக்ரைன் மீது படையெடுத்தபின் அதன் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி யூரோப் பகுதியில் இருந்தது. அதன்பின் பல மத்திய வங்கிகள் தங்கம் வாங்கிக் குவித்தன. அதையும் இந்தக் கட்டத்தில் குறியுங்கள், யுவான் வென்றதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

விதி

இது மெதுவாக நகரும் கட்டம். ஐ.எம்.எஃப்.இன் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீதம் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் அது இல்லாமல் அந்த முடிவுகளில் எதுவும் நகராது. சீனாவுக்கு 6, இந்தியாவுக்கு 2.6 சதவீதம் அளவில். 2010இல் ஒப்புக்கொண்ட பங்கு மாற்றம்கூட அமெரிக்க நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ரசனை

யூடியூப் பார்வை எண்ணை இங்கே எழுதாதீர்கள். பார்த்தவர் அடுத்து என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்: மொழி கற்றாரா, படிக்கப் போனாரா, பொருள் வாங்கினாரா. 2023-24இல் அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்துக்கும் மேல், அதில் இந்தியர் 3.3 லட்சம். அமெரிக்கா சரிகிறது என்று எழுதுபவர் இந்த எண்ணுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கலையை உலகுக்குக் கொண்டுபோகும் குழாய் யாருடையது என்றும் பாருங்கள். 1997 நிதி நெருக்கடிக்குப் பின் தென் கொரியா கலைத்துறையை ஒரு தொழிலாகவே வளர்த்தது, 1999இல் அதற்கென்று சட்டமும் இயற்றியது. பலன் கண்கூடு. ஆனால் கொரியத் தொடர்களை உலக வீடுகளுக்குள் கொண்டுபோன பெரிய ஓடிடி தளம் அமெரிக்க நிறுவனம். அது தயாரித்த தொடர்களின் உரிமையும் அதனிடமே. அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொரியா ஏற்றதும் 2016-17இல் சீனச் சந்தை கொரியக் கலைஞர்களுக்கு அடைபட்டது.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் செய்து பார்ப்போம்

"கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது" என்பது செய்தி. நடந்தது என்ன? 2017இல் ஒரு சீன நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து 99 ஆண்டுக் குத்தகை எடுத்தது. அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியபோது அந்தக் கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்களுடையது. சீனாவின் பங்கு, அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், சுமார் ஐந்தில் ஒன்று.

அளவுக் கட்டத்தில், கடன் கொடுத்த தனிநாடுகளில் சீனா முதலிடம் என்று எழுதலாம். நாணயத்தில் டாலர்: தட்டுப்பாடே அதில்தான். விதியில் இரண்டு வரி வேண்டும். மீட்சிக்கு 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப்.இன் 300 கோடி டாலர் திட்டம் தேவைப்பட்டது. ஆனால் கடன் சீரமைப்பை இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான குழுவில் சேராமல் சீனா தனியே பேசி முடித்தது.

ரசனைக்கு என்ன எழுதுவது? கொழும்பில் சீனப் பணத்தில் எழுந்த தாமரைக் கோபுரமும் நெலும் பொக்குண அரங்கும் கண்ணில் படும். கட்டடம் நிற்கிறது என்பதால் ரசனை வந்துவிட்டதாக எழுத வேண்டாம். அங்கே சீன மொழி படிப்போர் எண்ணிக்கை கிடைத்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.