புதிய கத்தோலிக்கத் துறவற சபைக்கு அமைப்புச் சட்டம் எழுதும் முறை

எந்த வரியையும் சேர்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐம்பது ஆண்டு கழித்தும் இது மாறாமல் இருக்க வேண்டுமா? ஆம் என்றால் அமைப்புச் சட்டத்தில் வையுங்கள்; இல்லையென்றால் நடைமுறை நூலில். ஒப்புதல் பெற்ற அமைப்புச் சட்டத்தைச் சபை தானாகத் திருத்த முடியாது, ஆயரின் (மறைமாவட்டத் தலைவரின்) இசைவு வேண்டும். காலை 4.45க்கு எழ வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால், அதை 5 மணியாக்கவும் ஆயரிடம்தான் போக வேண்டும். அமைப்புச் சட்டத்தில் “நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்பர்” என்பது போதும்; நேரம் நடைமுறை நூலில் இருக்கட்டும்.

உள்ளே இருக்க வேண்டியவற்றை 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 587ஆம் விதி சொல்கிறது: நிறுவுநரின் நோக்கம், ஆட்சிமுறை, உறுப்பினர் ஒழுங்கு, சேர்க்கையும் பயிற்சியும், வார்த்தைப்பாடுகளின் (கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற துறவற வாக்குறுதிகளின்) பொருள். தனிவரத்தை, அதாவது சபைக்கே உரிய தனி அழைப்பை, முதலில் எழுதுங்கள். வெறும் “ஏழைகளுக்குச் சேவை” என்றால் எந்தச் சபைக்கும் பொருந்தும். 1950இல் கொல்கத்தாவில் தொடங்கிய அன்னை தெரசாவின் சபை, ஏழையரிலும் ஏழையருக்கு முழுமனத்தோடு செய்யும் இலவசச் சேவையை நான்காம் வார்த்தைப்பாடாகவே வைத்தது. அந்த அளவுக்குத் தெளிவு வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் எண்கள் பிசகக் கூடாது. நவதுறவில் (வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் கட்டத்தில்) சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நவதுறவு செல்லுபடியாக, நவதுறவு இல்லத்திலேயே 12 மாதம் தேவை. 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் ஈடுசெய்ய வேண்டும்; தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவே செல்லாது. உடல்நலத்துக்காக அவ்வப்போது வீட்டுக்குப் போன நாள்களைக் கூட்டிப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு. ஆகவே வருகைப் பதிவேடு கட்டாயம் என்று நடைமுறை நூலில் எழுதிவிடுங்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது, வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. இரண்டுக்கும் இடைப்பட்ட தற்காலிக வார்த்தைப்பாடு மூன்றிலிருந்து ஆறு ஆண்டு. நீட்டித்தாலும் மொத்தம் ஒன்பதைத் தாண்டக் கூடாது.

ஆட்சிமுறைப் பகுதியில் ஒரே சொல் பெரும் சிக்கலாகிவிடும். “சபைத் தலைவி ஆலோசகர் குழுவுடன் கலந்து முடிவெடுப்பார்” என்று எழுதாதீர்கள். குழுவின் இசைவு வேண்டுமா, ஆலோசனை கேட்டால் போதுமா என்பது அதில் தெரியவில்லை. இசைவு தேவைப்படும் இடத்தில் அது கிடைக்காமல் செய்தது செல்லாது. ஆலோசனை தேவைப்படும் இடத்தில் கேட்காமல் செய்ததும் செல்லாது. ஆனால் கேட்ட பிறகு அதன்படியே நடக்கத் தலைவி கட்டுப்பட்டவர் அல்லர். ஒவ்வொரு இடத்திலும் இரண்டில் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

சொத்து பற்றி: முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உறுப்பினர் தம் சொத்தின் நிர்வாகத்தை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னராவது, நாட்டுச் சட்டப்படியும் செல்லும் உயில் எழுத வேண்டும்.

வரைவு முடிந்ததும் ஆயரிடம் கொடுங்கள். 2020 நவம்பர் முதல், திருப்பீடத்தின் (வத்திக்கானில் உள்ள திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்தின்) எழுத்துவடிவ முன் அனுமதி இல்லாமல், சபையை நிறுவி ஆயர் வெளியிடும் நிறுவல் ஆணை செல்லாது. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைச் சபை ஆவணக் காப்பகத்தில் ஆணையோடு சேர்த்து வையுங்கள்.